மன்னிக்கும் உரிமை யாருடையது?

(சித்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



‘தேவ நீதி, இரக்கம், இரட்சிப்பு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இறையியல் கல்லூரிகளில் இது ஒரு வருடப் பாடம். ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் தொட்டுப் போனால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்கும் உரிமை அநீதி இழைக்கப்பட்டவருக்கே உரியது. சிலுவையில் கடவுள் அந்த இடத்தில் வந்து நின்றார் என்று கிறித்தவம் நம்புகிறது. அதனால்தான் கடவுளுடைய மன்னிப்பு நீதியைத் தாண்டிப் போகாமல் நீதியை நிறைவேற்றுகிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. மாற்று எண்ணம் உள்ளவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

1. திருப்பதிப் பள்ளியில் தொடங்கிய ஒரு வழக்கு

நீதியும் இரக்கமும் பற்றிய இந்த வாதம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1896இல் திருத்தணிச் சிறுவன் ஒருவன், எட்டு வயது, திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். அன்று திருத்தணி, திருப்பதி எல்லாம் வட ஆர்க்காடு ஜில்லா. ஜில்லாவின் தலைமையிடம் இதே சித்தூர். பிறகு வேலூரில் ஆர்க்காடு மிஷனின் ஊரிசு கல்லூரி, 1904இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அந்தப் பிள்ளைதான் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். கிறித்தவப் போதகர்கள் இந்து சமயத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டுகள்தாம் தம்மைச் சொந்த மரபை ஆழ்ந்து படிக்கத் தூண்டின என்று பின்னாளில் அவரே எழுதினார்.

கிறித்தவக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஏ.ஜி. ஹாக், ஸ்காட்லாந்துக்காரர். ஹாக் எழுதிய ‘கர்மமும் மீட்பும்’ 1909இல் சென்னையில் புத்தகமாக வந்தது. இந்து சமயத்தை இழித்துப் பேசுகிற நூல் அன்று அது. கர்மக் கொள்கையின் நேர்மையை முதலில் ஒப்புக்கொள்கிறது. செய்தவனே அனுபவிப்பான், ஒருவன் கணக்கில் இன்னொருவன் பற்று எழுத முடியாது, லஞ்சம் இல்லை, சிபாரிசு இல்லை. பிழையே செய்யாத ஒரு நீதிமன்றம். அதற்குப் பிறகுதான் ஹாக் தம் கேள்வியைக் கேட்கிறார்: உலகம் முழுவதும் ஒரு நீதிமன்றமாகவே இருந்துவிட்டால் ஒருவர் துன்பத்தை இன்னொருவர் சுமக்க இடம் எங்கே? அவரவர் படுவது அவரவர் வினை என்றால் குற்றமற்றவரின் துன்பம் என்று ஒன்றே கிடையாதே. உலகம் அறத்தால் ஆனது, ஆனால் அந்த அறம் நீதிமன்ற அறத்தைவிடப் பெரியது, அந்தப் பெரிய இடத்தில்தான் மீட்பு நடக்கிறது என்பது அவர் முடிவு.

மாணவர் இராதாகிருஷ்ணன் 1908இல் எழுதிய எம்.ஏ. ஆய்வேடு வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றியது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே அதை எழுதினார். மாறுபட்ட முடிவுக்கு வந்த மாணவனுக்கு ஹாக் மனமாரப் பாராட்டுச் சான்று கொடுத்தார். சமய வாதம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நான் என் மாணவர்களிடம் சொல்லும் முதல் உதாரணம் இந்த இருவர்தாம்.

ஹாக்கின் கேள்வி கர்மத்தை நோக்கி எழுந்தது. அதைக் கிறித்தவத்தை நோக்கியும் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கடவுளை நீதிமன்றத்துக்குள் அடைத்து வைப்பதில் நம் பிரசங்க மேடைகள் யாருக்கும் பின்தங்கியவை அல்ல.

2. நீதிமன்றச் சித்திரம்

எந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே சித்திரம்தான் கிடைக்கும். கடவுள் நீதிபதி. மனிதன் குற்றவாளி. தண்டனை மரணம். நீதிபதியின் குமாரன் கூண்டில் ஏறி அந்தத் தண்டனையைத் தாம் ஏற்றுக்கொண்டார், நாம் விடுதலை ஆனோம். குழந்தைகளுக்கும் புரியும், கண்ணீரும் வரும். ஆனால் இது விவிலியத்திலிருந்து அப்படியே எடுத்த சித்திரம் அன்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காண்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம், கடவுள் ஏன் மனிதரானார் என்று கேட்டு 1098இல் ஒரு நூலை எழுதி முடித்தார். பாவம் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கடன். மனிதன்தான் அதைக் கட்ட வேண்டும், கட்டக்கூடியவரோ கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமாக இருக்கிற ஒருவர் வந்தார். இவ்வளவுதான் அவர் வாதம். நானூறு ஆண்டுகளுக்குப் பின் சீர்திருத்தக்காரர்கள் கையில் அந்தக் கடன் தண்டனையாக மாறியது. 1563இல் வந்த ஹைடெல்பர்க் ஞானோபதேசத்தின் சில கேள்வி பதில்கள் ஆன்செல்மின் வாதத்தையே அடியொற்றிப் போகின்றன. அந்த ஞானோபதேசத்தைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாகக் கொண்ட அமெரிக்கச் சபைதான் 1853இல் ஸ்கடர் சகோதரர்களைக் கொண்டு ஆர்க்காடு மிஷனை நிறுவியது. அதன் முதல் நிலையங்களில் ஒன்று சித்தூர். 1865இல் ஆகஸ்ட் மீலியஸ் சூலூர்ப்பேட்டையில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைத் தொடங்கினார். அதன் வழியில் வந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்கு இன்று திருப்பதிதான் தலைமையிடம். இப்படியாக ஐரோப்பாவில் பேசப்பட்ட ஒரு வழக்கின் தீர்ப்பு நகல் நம் கிராமத்து உபதேசியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

லுத்தரையே எடுத்துக்கொண்டால் அவர் கண்டது இதைவிட ஆழமானது. கடவுளின் நீதி என்ற சொற்றொடரைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்த துறவி அவர். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அந்த நீதி தண்டிக்கிற நீதி அன்று, நீதியற்றவனை நீதிமானாக்குகிற நீதி என்று அவருக்குப் பட்டது. கதவு திறந்ததுபோல இருந்தது என்று முதிய வயதில் நினைவுகூர்ந்தார். இந்தக் கதவுக்காகக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒருவரையொருவர் சபித்தார்கள். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அன்று, கிருபையால் மட்டுமே என்பது இன்று இரு சபைகளின் பொது வாக்குமூலம்.

இருந்தும் நீதிமன்றச் சித்திரத்தில் ஒரு முள் இருக்கிறது. குற்றமற்றவனைத் தூக்கிலிட்டுக் குற்றவாளியை விடுவிக்கிற நீதிபதியை எந்த நாட்டுச் சட்டமும் நீதிமான் என்று சொல்லாது. இதை உரக்கச் சொன்னவர் தாமே ஒரு நீதிபதி. பாண்டிபெத்தி செஞ்சய்யா, 1886இல் பிறந்த தெலுங்கர், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். 1938இல் நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்ட ‘இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தித்தல்’ என்ற நூலில் அவர் கொண்ட நிலை இது: இயேசு கொண்டுவந்தது வழக்கிலிருந்து விடுதலை அன்று, ஒரு புதுப் படைப்பு. மனிதனின் பழைய கணக்கைத் தீர்ப்பதைவிட மனிதனையே புதிதாக்குவது பெரிது. நாள் முழுவதும் நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஒருவர் கடவுளை அங்கே உட்கார வைக்க மறுத்தார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஆனால் செஞ்சய்யாவோடு கடைசிவரை என்னால் போக முடியவில்லை. அவர் நீதிமன்றத்தைப் பூட்டிவிட்டு வெளியே வருகிறார். உள்ளே வாதி நிற்கிறாரே? நீதிபதியையும் குற்றவாளியையும் பற்றியே ஆயிரம் ஆண்டுகள் பேசிவிட்டோம். பாதிக்கப்பட்டவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று நம் இறையியல் கேட்டது குறைவு.

இதைக் கேட்கத் தமிழருக்கு வெளியே போக வேண்டியதில்லை. திருவாரூரில் ஆராய்ச்சி மணியை அடித்தது யார்? இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு. கதை அங்கேதான் தொடங்குகிறது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகன்மேல் தேரை ஓட்டினான். நீதியின் விலையை நீதி வழங்குபவனே கொடுத்தான். மதுரையில் நெடுஞ்செழியன் தன் உயிரையே கொடுத்தான். அரியணையில் இருப்பவன் விலை கொடுக்காத நீதியைத் தமிழ் நெஞ்சம் நீதியாக ஏற்றதில்லை. ஆனால் சேக்கிழார் தேர்க்காலோடு நிறுத்தவில்லை. இறைவன் விடைமேல் தோன்றுகிறார், மகன் எழுகிறான், அவனைக் கொல்ல மனமின்றி உயிர்விட்ட அமைச்சன் எழுகிறான், கன்றும் எழுகிறது. மகன் செத்ததனால் பசுவுக்கு என்ன ஆயிற்று? அதற்கு இன்னும் கன்று இல்லை. கன்று எழுந்தபோதுதான் பசுவின் வழக்கு முடிகிறது. தண்டனை நீதியின் முடிவாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

3. திருமலையின் தயையும் ஆழ்வானின் கண்களும்

திருப்பதிப் பக்கத்தில் பிறந்த எந்தக் கிறித்தவனும் மலையைப் பார்க்காமல் கிருபையைப் பற்றிப் பேச முடியாது. இங்கே மக்கள் வாயில் வேங்கடவனுக்கு இரண்டு பெயர்கள் சேர்ந்தே வழங்குகின்றன. ஆபத்தில் கூப்பிட்டால் வருகிறவர். வட்டிக்காசுலவாடு, அதாவது நேர்ந்துகொண்டதை வட்டியோடு வாங்குகிறவர். அவரே தம் கலியாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறார் என்பதும் இதே மக்களின் நம்பிக்கை. கண்டிப்பாக வசூலிக்கிற தெய்வமே கடன்பட்ட தெய்வமாகவும் இருக்கிறது. ஆன்செல்ம் கேட்டிருந்தால் திகைத்திருப்பார்.

இந்த மலையைப் பாடவே வேதாந்த தேசிகர் ‘தயா சதகம்’ செய்தார். 108 வடமொழிச் சுலோகங்கள். இறைவனின் தயையைத் தேவியாகவே உருவகித்து அவளோடு பேசுகிறார். தயை இல்லாவிட்டால் இறைவனுடைய அறிவு, வலிமை போன்ற மற்றக் குணங்கள் எல்லாம் சம்சாரத்தில் கிடப்பவர்களுக்குக் குற்றமாகவே முடியும் என்ற கருத்து அதில் வருகிறது. பெரிய சிந்தனை இது. எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல ஒருவர் இரக்கமில்லாதவராக இருந்தால் நம் கதி என்ன? தேசிகர் வழியிலும் பிள்ளை லோகாசாரியர் வழியிலும் இந்தக் கிருபையைப் பற்றி எழுந்த வடகலை, தென்கலை வாதம் நீங்கள் அறிந்தது. வடகலையின் உவமையில் குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்கிறது, தென்கலையின் உவமையில் பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது. ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் ருடால்ஃப் ஆட்டோ 1930இல் இந்தியாவின் கிருபைச் சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியபோது லுத்தரின் கிருபைப் போதனையோடு இதற்குள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தார். கிருபையினால் மட்டுமே என்பது லுத்தரின் தனிச்சொத்து அன்று என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் கிறித்தவத்தின் அச்சு வேறு, அது குற்ற உணர்விலும் குற்றத்துக்கான பரிகாரத்திலும் சுழல்கிறது என்று ஒரு கோடு கிழித்தார்.

அந்தக் கோட்டை அவ்வளவு அழுத்தமாகக் கிழிக்க முடியுமா என்று எனக்கு ஐயம் உண்டு. காரணம் கூரத்தாழ்வான். குருபரம்பரை நூல்கள் சொல்கிற கதை இது. இராமானுசருக்குப் பதிலாகச் சோழன் அவைக்குப் போய்க் கண்களை இழந்தவர் ஆழ்வான். அந்த அவையில் அரசனைத் தூண்டிவிட்டவன் நாலூரான், ஆழ்வானிடமே பாடம் கேட்டவன். காலம் கழித்து, காஞ்சி வரதனிடம் கண்களைக் கேள் என்று இராமானுசர் அனுப்புகிறார். ஆழ்வான் போய், எனக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வருகிறார்.

இந்த வரத்தை உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. இராமானுசரே நாலூரானை மன்னித்திருந்தாலும் அதற்கு எடை இருந்திருக்காது, போன கண்கள் ஆழ்வானுடையவை. எருசலேமுக்கு வெளியே கல்லெறியப்பட்டு விழும்போது ஸ்தேவான் எறிந்தவர்களுக்காக வேண்டினான். எறிந்தவர்கள் கழற்றிய மேலாடைகளுக்குக் காவல் நின்ற சவுல் என்ற இளைஞன் பிறகு பவுலாகிக் கிருபையைப் பற்றி உலகத்துக்கு எழுதினான். பவுல் எழுதிய கிருபைக்கு ஸ்தேவானின் இரத்தம் விலை. ஆழ்வானும் ஸ்தேவானும் ஒரே இடத்திலிருந்து பேசுகிறார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அப்படியானால் கிறித்தவம் தனியாக என்ன சொல்கிறது? கடவுளே அந்த இடத்தில் நின்றார் என்று சொல்கிறது. ஆழ்வான் வரதனிடம் கேட்கிறார். கல்வாரியில் வரதனே கண்ணிழந்தவராக இருக்கிறார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தமிழில் உணர்ந்தவர். நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனிலும் திவ்வியப் பிரபந்தத்திலும் ஊறி, 1858இல் கிறித்தவரானவர். 1894இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. பனியனின் பயணக் கதையில் இயேசுவின் விசாரணை விரிவாக வராது. கிருஷ்ணபிள்ளை அதைக் காப்பியத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். பிலாத்துவின் முன் வாய் திறவாமல் நிற்கும் இயேசுவையும் கூடி அழும் மக்களையும் கம்பன் கவிக்கூற்றில் பாடினார். உலகத்துக்குத் தீர்ப்பு வழங்க வேண்டியவர் ஒரு மாகாண அதிகாரியின் அநியாயத் தீர்ப்புக்கு உட்படுகிறார். பொய்ச்சாட்சி, கூட்டத்தின் கூச்சல், கை கழுவும் அதிகாரி. நம் ஊர்க் கச்சேரிகளில் ஏழைகள் கண்ட காட்சிதான். சிலுவையில் கடவுள் நம் தண்டனையை ஏற்றார் என்பதோடு நின்றுவிடாமல், நம்மில் அநீதி இழைக்கப்பட்டவர்களோடு சேர்ந்து தாமும் இழைக்கப்பட்டவரானார் என்று படிக்க வேண்டும் என்கிறேன். அப்போது அங்கிருந்து வரும் மன்னிப்பு வேடிக்கை பார்த்தவரின் தாராளம் ஆகாது.

4. சகேயுவின் கணக்கு

சுவிசேஷங்களில் இயேசு நீதியைப் பற்றிக் கொள்கை வகுக்கவில்லை. கதை சொன்னார், வீடுகளுக்குச் சாப்பிடப் போனார்.

எரிகோவில் வரி வசூலிப்போர் தலைவன் சகேயு. மரத்தில் ஏறியிருந்தவனை இறங்கச் சொல்லி, இன்று உன் வீட்டில் தங்குவேன் என்றார். அவன் மனம் மாறுகிறதற்கு முன்பே, ஒரு நிபந்தனையும் இல்லாமல். ஊர் முணுமுணுத்தது. பிறகு சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது இருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு அதற்குப் பின்புதான் வருகிறது. இரக்கம் முதலில், கணக்கு அடுத்து, இரட்சிப்பின் அறிவிப்பு கடைசியில். கணக்கை விட்டுவிட்டு முதலும் கடைசியும் மட்டும் பிரசங்கித்தால் எரிகோவில் ஏமாந்த விதவைக்கு என்ன கிடைக்கும்?

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதையைப் பலர் அநியாயம் என்று நினைக்கிறார்கள். மாங்காய் சீசனில் விடியற்காலை சித்தூர்க் கூட்டுரோடுகளில் மேஸ்திரிக்காகக் காத்து நிற்பவர்களை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். பத்து மணிக்கும் கூப்பிடப்படாமல் நிற்பவன் சோம்பேறி அல்லன், அவனை யாரும் எடுக்கவில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய ஒரு நாள் கூலி முழுசாக வேண்டும். தோட்டக்காரர் கடைசியில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், ஒரு நாள் கூலி, கொடுத்தார். முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. ஒருவனுக்கு நீதி, இன்னொருவனுக்கு இரக்கம் என்று நாம் பிரிப்பது அந்தத் தோட்டக்காரர் கண்ணில் ஒரே செயல்.

5. அநீதி இழைக்கப்பட்டவரின் மேல் ஏற்றப்படும் விலை

இனி நம் சபைகளுக்குச் சொல்ல வேண்டியது. கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். வட ஆர்க்காடு மிகக் கொடுமையாக அடிபட்டது. பஞ்சத்தை அடுத்த ஆண்டுகளில் தென்னிந்திய மிஷன்களில் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். இந்தப் பக்கம் பறையர், மாலர், மாதிகர். ஞானோபதேச வகுப்பில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம், நீ பாவி, உனக்கு மன்னிப்பு உண்டு என்பது. பொய்யில்லை, மனிதர் எல்லாரும் பாவிகளே. ஆனால் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டவரிடம் அது முதல் வார்த்தையாக இருக்கலாமா? அவர் குற்றவாளியாக வரும் முன்பே வாதியாக வந்திருக்கிறார். அவருடைய மணியோசையை யாரும் கேட்கவில்லை. 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலை எழுப்பியபோதுதான் கேட்டது. சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் நிர்மல். இயேசுவின் பாடுகளைத் தலித்துகள் பட்ட பாடுகளின் வழியாகவே படித்தார் அவர்.

வழக்கு இன்னும் நடக்கிறது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் சேர்த்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். இதை அரசிடம் கேட்கிற சபைகளில் சில, தங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தன. இந்த நிலையில் பீடத்திலிருந்து மன்னித்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை எழுபது தரம் ஏழு தரம் மன்னி என்று ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான். இரக்கத்துக்கு விலை உண்டு. அந்த விலையைக் கடவுள் தாமே கொடுத்தார் என்பது சுவிசேஷம். ஏற்கெனவே இழந்தவரிடமே அதை இரண்டாம் முறை வசூலிக்கிற போதனைக்குச் சுவிசேஷம் என்ற பெயரைக் கொடுக்க நான் மறுக்கிறேன்.

யூதரான சைமன் வீசெந்தால் ‘சூரியகாந்தி’ என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். நாஜி முகாமில் கைதியாக இருந்தபோது அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். சாகக் கிடக்கும் எஸ்.எஸ். படைவீரன், யூதக் குடும்பங்களை வீட்டோடு எரித்த கதையைச் சொல்லி, ஒரு யூதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். வீசெந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். அது சரியா என்று பல அறிஞர்களிடம் கேட்டார். கிறித்தவர்களில் பலர், மன்னித்திருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். வீசெந்தாலின் மௌனம்தான் கூடுதல் நேர்மை என்று நான் நினைக்கிறேன். எரிந்தவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை.

1999 ஜனவரி 22 இரவு ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணிசெய்த கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தேன் என்றார். அதே மூச்சில், தம் மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு என்றும் பிரித்துக் காட்டினார். தம் இழப்புக்குத் தாம் மன்னித்தார், நாட்டின் வழக்கை நாட்டிடம் விட்டார். யாரும் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்துப் பணியைத் தொடர்ந்து, 2004இல்தான் ஆஸ்திரேலியா திரும்பினார். அவர் மன்னித்தது மனைவியாகவும் தாயாகவும். எரிந்த குழந்தைகளின் சொந்த வழக்கு? அதை அவரும் தம் கையில் எடுக்கவில்லை.

6. நியாயத்தீர்ப்பு நாள்

இறந்தவர் பேச முடியாது என்றால் உலகத்தின் மிகப் பெரிய அநீதிகள் மன்னிக்கவே முடியாதவை. கிறித்தவம் பெற்றுக்கொண்ட உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் வேர் இங்கேதான். மக்கபேயர் காலத்தில், நம் காலக் கணக்குக்கு முன் 2ஆம் நூற்றாண்டில், சட்டத்துக்காகக் கொல்லப்பட்ட யூத இளைஞர்களுக்கு நீதி வேண்டும் என்ற தவிப்பில் அந்த நம்பிக்கை யூதரிடையே வலுப்பெற்றது. கன்று எழ வேண்டும் என்ற அதே தவிப்பு. ஆகவே நியாயத்தீர்ப்பு ஏழைகளுக்கு அச்சுறுத்தல் அன்று, வழக்கு விசாரணைக்கு வரும் நாள்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அந்த நாளைப் பாருங்கள். சிங்காசனத்தில் இருப்பவர், பசித்திருந்தது நான், சிறையில் கிடந்தது நான் என்கிறார். நீதிபதியே வாதி. எந்தச் சபையின் ஞானஸ்நானம் என்று அங்கே கேட்கப்படவில்லை. திருமலைக்கு நடந்து போகும் இலட்சக்கணக்கானவர்களின் கதி என்ன என்று என்னிடம் மாணவர்கள் கேட்பதுண்டு. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல் நேர்மையோடு கடவுளைத் தேடுபவர்களும் இரட்சிப்பு அடைய முடியும் என்று அறிவித்தது. புராட்டஸ்டண்டான நான் அதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்த மலைப் படிகளில் யாரோ ஒருவர் களைத்த முதியவருக்குத் தண்ணீர் கொடுத்தால், மத்தேயு சொல்கிற நீதிபதி அதைத் தமக்குக் கொடுத்ததாகவே எழுதிக்கொள்வார்.

கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா? 4ஆம் நூற்றாண்டில் நிசா நகரக் கிரகோரி, ஆம் என்று நம்பினார். நெருப்பு அழிக்க அன்று, தூய்மையாக்க என்றார். அகுஸ்தீன் இதை மறுத்தார், மேலைச் சபை பெரும்பாலும் அவர் பின்னே போயிற்று. நான் கிரகோரியின் பக்கம் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நெருப்பு, கொடுமை செய்தவன் தன் கொடுமைக்கு ஆளானவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்பதுதான் என்று எண்ணுகிறேன். அந்த முகம் பேசும்வரை அவன் காத்திருக்க வேண்டும். கடவுள் தம் மன்னிப்பைச் சிலுவையிலேயே சொல்லிவிட்டார், ஆனால் எரிந்த குழந்தைகளின் தலைக்கு மேலே, அவர்களைக் கேளாமல் அதைச் சொல்லி முடிக்கமாட்டார். அவர்களோடு சேர்ந்து அநீதி இழைக்கப்பட்டவராக இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. அவர்கள் எப்போது பேசுவார்கள், என்ன பேசுவார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

இதை ஏற்காத நண்பர்கள் கேள்வி நேரத்தில் எழ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.